அக்டோபர் வானில் பருந்துக் கணக்கு: வகுப்பறைக்கும் தேர்வுக்கும்



"பறவைகள் ஏன் இடம்பெயர்கின்றன?" என்ற கேள்விக்கு வரும் விடைகளைத் திருத்தியவர்களுக்குத் தெரியும். "குளிர் தாங்க முடியாமல்" என்று முடித்துவிடுவார்கள். நாமும் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். இந்த விடை பாதிதான் சரி. இறகு போர்த்திய உடம்புக்குக் குளிர் அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. குளிர் வந்ததும் சாப்பாடு இல்லாமல் போகிறது பாருங்க, அதுதான் தொல்லை. இதைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட, மாணவர்களைத் திடலுக்கு அழைத்துப்போய் மேலே பார்க்கச் சொல்லலாம். செலாயாங்கில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. தீபாவளிக்குத் துணி எடுக்கிற மாதங்கள், சாயங்காலமானால் இடியோடு மழை கொட்டுகிற மாதங்கள், அவ்வளவுதான் நமக்கு. ஆனால் ஜப்பானிலும் சைபீரியாவிலும் வடசீனாவிலும் செப்டம்பர் பிறந்ததும் காடு நிறம் மாறுகிறது, பூச்சிகள் குறைகின்றன. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்த இரைகொல்லிப் பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவற்றில் ஒரு பகுதி தாய்லாந்தைக் கடந்து நம் தீபகற்பத்தின் வழியாக இறங்கி சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று போகிறது. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், புக்கிட் லகோங் காட்டுக்கும் பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றுக்கும் நடுவில் நாம் குடியிருக்கிறோம். தலையைத் தூக்கினால் போதும்.

முதலில் தேன் பருந்தைத் தெரிந்துகொள்வோம்

எல்லா இரைகொல்லிகளையும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். தேன் பருந்துதான் நமக்கு ஏற்றது. பெரிய பறவை, எண்ணிக்கையில் அதிகம், அதோடு கதையும் உண்டு.

பெயரில் தேன் இருந்தாலும் அது முக்கியமாகத் தின்பது குளவி, தேனீ ஆகியவற்றின் புழுக்களை. கூட்டைக் கால் நகத்தால் தோண்டிப் பிரித்து, அடையோடு எடுத்துப் புழுவைக் கொத்தும். குளவி சும்மா விடுமா? அதற்காகத்தான் இதன் முகத்தில் சின்னச் சின்னச் செதில் மாதிரி இறுக்கமான இறகுகள். மூக்குத் துளையும் வெறும் கீற்றுப் போலத்தான் இருக்கும். நகங்கள் மற்றப் பருந்துகளுக்கு இருப்பதுபோல் அவ்வளவு வளைந்தவை அல்ல, மண்வெட்டி வேலைக்கு ஏற்றவை. தகவமைப்பு என்று கேள்வி வந்தால் ஒட்டகத்தையும் கள்ளிச்செடியையும் எழுதியே பழகிய மாணவர்களுக்கு இது ஒரு புது எடுத்துக்காட்டு.

இப்போ முதல் கேள்விக்கே திரும்பி வருவோம். குளவிக் கூட்டை நம்பி வாழ்கிற பறவை, பனி மூடிய ஜப்பானில் ஜனவரி மாதம் எதைத் தின்னும்? விடை தானாக வந்துவிடும். "குளிர்காலத்தில் உணவு கிடைக்காததால், உணவுள்ள இடத்தை நாடி இடம்பெயர்கிறது, இதனால் அந்த இனம் நீடுநிலவ முடிகிறது." காரணமும் விளைவும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. இப்படி எழுதினால் விடையில் குறை சொல்ல இடமில்லை.

வானத்தில் எப்படி அடையாளம் காண்பது? அகன்ற நீண்ட இறக்கை, நீண்ட வால், அதற்குமுன் புறாத் தலை மாதிரி சின்னத் தலையும் நீண்ட கழுத்தும். நிறத்தை நம்பாதீர்கள். ஒன்று வெளுப்பாக இருக்கும், அடுத்தது காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும், இரண்டும் தேன் பருந்தாகவே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கேயே நிரந்தரமாக வாழும் ஒரு தேன் பருந்து வகையும் இருக்கிறது, அதற்குத் தலையில் நீண்ட கொண்டை. ஆகவே பார்த்ததெல்லாம் வலசைப் பறவை என்று எழுதிவிடக் கூடாது. எந்தத் திசையில் போகிறது என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.

ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவும் 2000களின் தொடக்கத்திலிருந்து ஜப்பானில் கூடுகட்டும் தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். பறவைகள் ஜப்பானின் தென்மேற்குக் கோடியிலிருந்து கிழக்குச் சீனக் கடலை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஒரே மூச்சில் கடந்து சீனாவுக்குள் நுழைந்தன. பிறகு இந்தோசீனா, மலாய்த் தீபகற்பம், சுமத்ரா. அதன்பின் சில ஜாவா பக்கம் போயின, சில வளைந்து திரும்பி வடக்கே போர்னியோவுக்கும் பிலிப்பீன்சுக்கும் போயின. வரைபடத்தில் பார்த்தால் மீன் தூண்டில் கொக்கி மாதிரி இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். நிலவியல் பாடத்துக்கு அட்லாஸைத் திறந்து இந்தக் கொக்கியை மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். மலாக்கா நீரிணை எங்கே இருக்கிறது என்பது அதன்பிறகு மறக்காது.

காற்று ஏன் காலை 9 மணிக்குமேல் முக்கியம்

இறக்கையை அடித்து அடித்து 10,000 கிலோமீட்டர் போக முடியாது. சூரியன் நிலத்தைச் சூடாக்கும்போது, மேலே உள்ள காற்று சூடாகி லேசாகி எழும்புகிறது. வெப்பச்சலனம் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதேதான். பருந்து இந்தக் காற்றுத்தூணுக்குள் புகுந்து, இறக்கையை விரித்தபடி வட்டமடித்து உயரும். உச்சிக்குப் போனதும் தெற்கே சறுக்கும், அடுத்த தூணைப் பிடிக்கும். ஏறு, சறுக்கு, ஏறு, சறுக்கு.

கடலில் இது நடக்காது. தண்ணீர் நிலம் மாதிரி சீக்கிரம் சூடேறுவதில்லை, அதனால் பகலில் பலமான காற்றுத்தூண் உண்டாவதில்லை. கடலைக் கடக்க இறக்கையை அடிக்க வேண்டும், அது செலவு பிடித்த வேலை. எனவே கடல் குறுகலாக உள்ள இடத்தைத் தேடிப் பறவைகள் வந்து குவிகின்றன. உலகத்தில் பருந்து எண்ணும் பேர்போன இடங்களின் வரைபடத்தைப் பாருங்கள். ஜிப்ரால்டர் கடலை ஒட்டி, மெக்சிகோவின் வெராகுருஸ் மலைக்கும் கடலுக்கும் நடுவில், ஜார்ஜியாவின் பத்தூமி கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவில். எல்லாமே புனல் மாதிரி ஒடுங்கிய இடங்கள். வெராகுருஸில் ஓர் இலையுதிர்காலத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிகள் எண்ணப்படுவதுண்டு.

நம் பக்கத்துப் புனல் தாய்லாந்தின் சும்போன். கிரா பூசந்தி அங்கேதான் ஒடுங்குகிறது. 2003 இலையுதிர்காலத்தில் அங்கே நடந்த கணக்கெடுப்பில் 1,70,000க்கும் மேற்பட்ட இரைகொல்லிகள் எண்ணப்பட்டன. இப்போது அங்கே காவ் தின்சோர் என்ற குன்றில் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். அங்கிருந்து கீழே இறங்குகிறவற்றில் ஒரு பங்குதான் நம் தலைக்கு மேல் வருகிறது.

மலேசியாவில் பருந்து எண்ணுவது என்றாலே எல்லாரும் போர்ட்டிக்சன் பக்கத்தில் உள்ள தஞ்சோங் துவானைச் சொல்வார்கள். (அந்த முனை நெகிரி செம்பிலான் நடுவில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பொது அறிவுப் போட்டிக்கு உதவும்.) அங்கிருந்து நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர்தான். மலேசிய இயற்கைக் கழகம் 2000லிருந்து மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தி வருகிறது. சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வடக்கே திரும்பும் பறவைகள் களைத்துப்போய், கலங்கரை விளக்கத்தின் பக்கமாகத் தாழ்வாக வரும். வருபவற்றில் பெரும்பகுதி தேன் பருந்து. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, சந்தேகமில்லை.

ஆனால் அது போகிற கணக்கு அல்ல, திரும்புகிற கணக்கு. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மார்ச்சில் வருபவை குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்த பறவைகள். அக்டோபரில் போகும் கூட்டத்திலோ அந்த ஆண்டு பிறந்த இளசுகளும் இருக்கின்றன. வடக்கே கூடுகள் நன்றாக நடந்தனவா என்பதை அக்டோபர்தான் சொல்லும். எண்ணிக்கைக்குள் இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று பிரிப்பதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை இனிச் சொல்கிறேன்.

ஒரு மலையில் எழுதிவைத்த கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலை முகடு. இலையுதிர்காலத்தில் பருந்துகள் அதை ஒட்டிப் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து விளையாட்டுக்குச் சுட்டுத் தள்ளுவார்கள். கோழி திருடும் பறவை, செத்தால் நல்லது என்பது அன்றைய நினைப்பு. 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, சுடுவதை நிறுத்தினார். மாரிஸ் புரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். புரூன் காவல் காத்தபடியே போகிற பறவைகளை எண்ணி எழுதினார். எதை நிரூபிக்கப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு எழுதிக்கொண்டே போனார். அதுதான் இன்றைய ஹாக் மவுண்டன் சரணாலயம்.

வெண்தலைக் கழுகைப் பற்றிய அவருடைய கணக்கைப் பாருங்கள். 1935 முதல் 1939 வரை கடந்துபோன அந்தக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 விழுக்காடு. 1957இல் முதிர்ந்த பறவை 32க்கு இளசு ஒன்றே ஒன்று. பெரிய பறவைகள் வானத்தில் இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தன, பார்த்தவர்களுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. ஆனால் குஞ்சு வரவில்லை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்த எண்களை எடுத்துக்காட்டினார். பூச்சிக்கொல்லியான டிடிடி உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் சேர்ந்து, உச்சியில் இருக்கும் பறவையின் முட்டை ஓட்டை மெல்லிதாக்கி, அடைகாக்கும்போதே உடைய வைக்கிறது என்பது பின்னால் தெளிவானது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது.

உணவுச் சங்கிலி பாடத்தில் "மேல்நிலையில் நச்சு அதிகம் சேரும்" என்று ஒரு வரி வருகிறதல்லவா, அந்த வரிக்குப் பின்னால் இப்படி மலை மேல் உட்கார்ந்து எழுதிய ஒருவரின் நோட்டும் இருக்கிறது. விகிதம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவனுக்கும் இதைச் சொல்லலாம். மொத்தம் மறைத்ததை விகிதம் காட்டியது.

நமக்கு இன்னும் பக்கத்தில், இந்தியாவின் நாகாலாந்தில் 2012ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் டோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரம் அமூர் வல்லூறுகளை வலை கட்டிப் பிடித்து விற்றார்கள். நேரில் போனவர்கள் "நிறைய" என்று எழுதியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரை என்று கணக்கிட்டு எழுதினார்கள், செய்தி உலகமெங்கும் போனது. ஊர்ச் சபைகளும் தேவாலயங்களும் அரசும் சேர்ந்து மறு ஆண்டே அதை நிறுத்தின. 2013இல் அங்கே மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி, நாகா, பங்தி, வோக்கா என்று அந்தப் பகுதியின் பெயர்களையே வைத்தார்கள். அந்தப் பெயர்களோடு அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் பறந்தன.

சரி, எப்படி எண்ணுவது?

வட்டமடிக்கும் கூட்டத்தை எண்ணாதீர்கள். நாற்பது பறவை ஒன்றுக்குள் ஒன்று சுற்றும்போது பார்த்ததையே மறுபடி பார்ப்போம். நானே முதல் தடவை அப்படி எண்ணி 23 என்று எழுதி, பக்கத்திலிருந்த நண்பர் 14 என்று சொல்ல, இருவரும் சண்டை போடாத குறை. காத்திருங்கள். உச்சிக்கு ஏறியதும் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, கோத்த மணி மாதிரி வரிசையாகத் தெற்கே சறுக்கும். அப்போது எண்ணினால் தவறாது.

அடுத்து, வானத்தில் ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். உதாரணமாக, பள்ளிக் கட்டடத்தின் கூரை முனையிலிருந்து எதிரே உள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் வரை. அந்தக் கோட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்தால் கூட்டல். திரும்பி வடக்கே வந்தால் கழித்தல். கோட்டைக் கடக்காமல் திடலைச் சுற்றிக்கொண்டே இருப்பது நம்ம ஊர்ப் பறவை, அதற்குத் தனிக் கட்டம். செம்பருந்து, பாம்புண்ணிக் கழுகு இரண்டும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் விழும்.

காகத்தையும் தனியாகப் பழக்கிவிடுங்கள், தூரத்தில் ஏமாற்றும். காகம் விடாமல் இறக்கை அடிக்கும், பருந்து விரித்தபடி மிதக்கும். பேச்சோடு பேச்சாக ஒன்று: கிள்ளானில் கத்தும் வீட்டுக் காகம் இந்த மண்ணுக்கு உரியது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறியது நாம் மட்டும் இல்லை.

பெரிய கூட்டம் வந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வைத்து, அதே அளவு எத்தனை என்று பார்க்க வேண்டும். இதைத் திடலில் பழக வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு தட்டில் பச்சைப்பயற்றைக் கொட்டி, ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, எத்தனை என்று கேளுங்கள். பிறகு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். நான்கைந்து தடவையில் கை தேர்ந்துவிடும்.

நேரம் காலை 9 முதல் 11.30 வரை போதும். அதற்கு முன்னால் காற்றுத்தூண் எழுவதில்லை. பின்னால் பறவைகள் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும், சூரியனும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். இதை ஒரு தடவை சொன்னால் பத்தாது, ஒவ்வொரு நாளும் கருவியைக் கையில் கொடுக்கும் முன் சொல்ல வேண்டும். தொலைநோக்கி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். வெறுங்கண்ணால் தேடுபவர்கள், அடையாளம் சொல்பவர், எழுதுபவர் என்று வேலையைப் பிரித்துவிடலாம்.

எழுதும் தாளில் பறவை எண்ணிக்கையைவிட மற்றக் கட்டங்கள் முக்கியம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள், மேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பத்துமலைக் குன்று கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா. ஏன் இவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை 3 மணி நேரம் நின்று 12 பறவை, செவ்வாய்க்கிழமை மழை வந்துவிட்டதால் 1 மணி நேரத்தில் 7 பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் அதிகம்? பட்டைக்குறிவரைவில் 12தான் உயரமாக நிற்கும். மணிக்கு எத்தனை என்று பார்த்தால் திங்கள் 4, செவ்வாய் 7. நேரத்தை எழுதாவிட்டால் நம் தாளே நமக்குப் பொய் சொல்லும்.

அறிவியல் செயற்பாங்குத் திறனுக்கும் இதே தாள் போதும். கருதுகோள்: "காலை நேரம் ஏற ஏற, கடக்கும் பருந்துகளின் எண்ணிக்கை அதிகரிக்கும்." தற்சார்பு மாறி நேரம், சார்பு மாறி எண்ணிக்கை, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நிற்கும் இடமும் பார்ப்பவர்களின் எண்ணிக்கையும். மேகத்தையும் காற்றையும் நம்மால் கட்டுப்படுத்த முடியாது. அதனால்தான் அவற்றை எழுதி வைக்கிறோம். ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கும் வெளிக்கள ஆய்வுக்கும் என்ன வேறுபாடு என்று உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி வந்தால், இந்த இரண்டு வரி கைகொடுக்கும்.

கடைசியாக ஒரு கட்டம், நான் பார்த்தவரை மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பல நாள் ஒன்றுமே வராது. இரண்டரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்று ஒரு பறவைகூட இல்லை என்றால் தாளைக் கசக்கிப் போடத் தோன்றும். போடக் கூடாது. அங்கே 0 என்று எழுத வேண்டும். ஆனால் புகைமூட்டத்தால் பள்ளியை மூடிவிட்ட நாளிலோ, மழையால் திடலுக்கே போகாத நாளிலோ 0 எழுதக் கூடாது, ஒரு சிறு கோடு போட வேண்டும். 0 என்றால் பார்த்தோம், வரவில்லை. கோடு என்றால் பார்க்கவில்லை. சராசரி காணும்போது 0 இருக்கும் நாள் வகுஎண்ணில் சேரும், கோடு போட்ட நாள் சேராது. மாணவர்கள் கொண்டுவரும் தாளில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெரிய எண்களை அல்ல, இந்த 0களும் கோடுகளும் அதனதன் கட்டத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான்.